முதல் வாய்

சௌக்கியமா இருக்கீங்களா கண்ணுகளா? சாப்பிட்டது ஒழுங்கா செரிக்குதா? அப்ப இதைக் கேளுங்க.

"தின்னுடி! முதல் வாய் நீ தின்னு!"

புருஷன் லியோன்சியோவின் வெட்டுக்கத்தி டெல்பினாவின் கழுத்தில் இருந்தது. மேஜைமேல் அவள் சுட்ட மரவள்ளி ரொட்டி, அந்த ஊர்க்காரர்கள் காசாபே என்பது, ஆறிக்கொண்டிருந்தது. தங்கையைப் பார்க்கப் பையும் கையுமாக வந்த நிடியா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கத்தியை எடுங்க மாப்ளே! என்ன கூத்து இது?"

"ரெண்டு மாசமா வயித்துல கத்தி சொருகுது மதினி. உங்க தங்கச்சி எனக்கு விஷம் வைக்கிறா. அந்தச் சட்டியைப் போய்ப் பாருங்க!"

அடுப்பங்கரையில் ஒரு சட்டி நிறைய பால் மாதிரி சாறு. கசப்பு மரவள்ளியைத் துருவிப் பிழிந்தது. உள்ளே போனால் மாடே சுருண்டு விழும் என்பது அங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

"துணிக்குக் கஞ்சி போட மாவு படியட்டும்னு வச்சேன்," என்றாள் டெல்பினா.

கத்தியின் பட்டையால் முதுகில் ஒன்று வைத்தான். அவள் மேஜையில் மோதி, உதடு கிழிந்து எழுந்தாள்.

நிடியாவுக்கு நெஞ்சு வெந்தது. முன்பெல்லாம் இவன் நோஞ்சானாகப் படுத்தே கிடந்தான். கை ஓங்கத் தெம்பில்லாததால் டெல்பினாவும் நிம்மதியாக இருந்தாள். சந்தியாகோ நகரத்தில் ஒரு டாக்டர்தான், கோதுமை இவன் குடலுக்கு ஆகவே ஆகாது என்று கண்டுபிடித்தார். வயிற்றை வதைக்காத ரொட்டி எதுவென்று ஊர் ஊராக விசாரித்து, காசாபேயைத் தேடிக் கொடுத்தவள் நிடியாதான். ஆறே மாதத்தில் காளையாகிவிட்டான். முதல் வேலையாகத் தங்கையின் பல்லைத்தான் உடைத்தான்.

லியோன்சியோ அடுப்பங்கரைக்குள் போனான். டெல்பினா சாயங்காலம் தெருவோரம் பலகாரம் பொரித்து விற்கிறவள். அதற்கு வைத்திருந்த மாவு டின் காலில் இடறியது. அதை ஓர் உதை விட்டு, சாற்றுச் சட்டியைத் தூக்கி முற்றத்துக் குழியில் கொட்டிவிட்டு வந்தான்.

"இப்பத் தின்னு."

டெல்பினா ஒரு துண்டு பிட்டு, நிதானமாக மென்று விழுங்கினாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வியர்க்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. அவளாகவே இன்னொரு துண்டு பிட்டாள்.

"போதும், போதும். எனக்கு மிச்சம் வைடி!" அவன் சிரித்தபடி முழு ரொட்டியையும் தின்று தீர்த்தான். "பாத்தீங்களா மதினி? விஷம் வைக்கக்கூடத் துப்பில்லாத குடும்பம்!"

வாயைத் துடைத்துக்கொண்டு பெல்ட்டை உருவினான். உருவியதுமே கால்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவியது.

"என்னைப் பயமுறுத்தினதுக்கு இப்ப வாங்கிக்கோ."

நிடியா குறுக்கே பாய்ந்தாள். பெல்ட் அவள் கன்னத்தைப் பிளந்தது. மறுபடி ஓங்கியவன் அப்படியே நின்றான். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவியபடி முற்றத்துக் கக்கூஸுக்கு ஓடினான்.

நிடியா கன்னத்து ரத்தத்தைப் பொத்திக்கொண்டாள். "கிளம்புடி, என்னோட வந்துரு."

"எங்க போனாலும் வந்து வெட்டுவான்க்கா. அந்தக் கை ஓங்காம இருந்தா எனக்குப் போதும்."

"சாறைக் கலந்தியா? நிஜத்தைச் சொல்லு."

"உன் மேல சத்தியமா ஒரு சொட்டு கலக்கல."

"ஒரே ரொட்டியைத்தானே ரெண்டு பேரும் தின்னீங்க? அப்புறம் அவனுக்கு மட்டும் ஏன்டி இப்படி?"

டெல்பினா உருண்டு கிடந்த டின்னை நிமிர்த்தினாள். அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, நாளைக்குச் சலித்து வைத்திருந்த மரவள்ளி மாவில் தூவிப் பிசிறினாள்.

"எனக்குக் கோதுமை ஒத்துக்கும்க்கா."