சேப்டி வால்வில் சந்தனம்

"கம்ப்ரசரை நிறுத்துங்கண்ணே!"

பெல்ட் மாற்ற வந்த மெக்கானிக் அலறியபடி சுவிட்சை அணைத்தான்.

"காத்து கூடினா வெளியேத்துற சேப்டி வால்வை யாரு சந்தனத்தால அடைச்சது? டேங்கு வெடிச்சிருக்கும்!"

பஞ்சர் கடை அடைக்கலம் பதறி ஓடினார். டேங்க் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் இலக்கியாவை வாரி அணைத்தபடி மனைவியிடம் சீறினார்.

"ஆயுத பூசைன்னா கண்ட எடத்துலயும் அப்புவியா? புள்ளயக் கொல்லப் பாத்தியே!"

"பொட்டுதாங்க வச்சேன்..." என்றாள் ராஜலட்சுமி.

மெக்கானிக் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினான். அங்கே வால்வே இல்லை. அது இருந்த ஓட்டையில் ஒரு போல்ட் இறுக்கப்பட்டிருந்தது.

"இதை யாரு போட்டது?"

அடைக்கலத்தின் கைகளுக்குள்ளிருந்து இலக்கியா சொன்னாள்:

"அப்பாதான் மாமா. புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து வீணாப் போகுதுன்னு போன வருசம் முறுக்குனாங்க."