ஆறாம் நம்பர் ப்ளக்

“அந்த நாலு ப்ளக்கையும் என்கிட்ட குடுத்துடுங்க முதலாளி.”

எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் முதலாளியிடம் கேட்டுவிடாதே, ஆறின புண்ணை நாமே கிளறக் கூடாது என்று சித்தப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவள் கேட்டேவிட்டாள். மேல்கோட்டுப் பையில் வேறு நாலு ப்ளக் கனத்துக்கொண்டிருந்தன.

முதலாளி கண்ணாடி அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே ஒரு மரக்கட்டை. அதில் பின்பக்கம் புதைந்து, கருகிய முனை மட்டும் வெளியே தெரிய, சொத்தைப் பல் மாதிரி நாலு ஸ்பார்க் ப்ளக் செருகியிருந்தன. தப்பான ப்ளக்கைப் பூட்டியவன் கதியைப் பார் என்று, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பதினோரு வருஷமாக அவர் காட்டும் பாடம் அது.

அந்தப் பாடத்தில் வரும் ஆள் அவளுடைய அப்பா.

பந்தயக் காருக்கு ஒன்பதாம் நம்பர் ப்ளக்தான் சரி. சூட்டை அப்போதைக்கப்போது வெளியே தள்ளிவிடும். ஆறாம் நம்பர், சாதாரண வண்டிக்கானது. அதைப் பந்தயக் காரில் பூட்டினால் முனை தணலாகப் பழுத்து, பிஸ்டனை மெழுகாய் உருக்கிவிடும். அன்றைக்கு மூன்றாவது சுற்றிலேயே உருக்கியது. கழற்றிப் பார்த்தால் நாலும் ஆறாம் நம்பர்.

நான் போட்டது ஒன்பதுதான் என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். யார் நம்புவார்கள்? பந்தயக் காரின் ப்ளக்கைக் கூடப்பிறந்த தம்பியைக்கூடத் தொட விடாமல், தன் கையாலேயே பூட்டுகிற மனிதர் அவர். அன்று வெளியேறியவர் இன்றுவரை ஸ்பானரைத் தொடவில்லை. சரக்கு வேன் ஓட்டுகிறார். அது வழியில் நின்றுபோனால், அடுத்தவனைக் கூப்பிட்டு பானட்டைத் திறக்கச் சொல்கிறார்.

அப்பாவின் தலைமை மெக்கானிக் இடத்துக்கு வந்தது சித்தப்பா. அண்ணன் மகளைக் காலேஜில் சேர்த்து, அந்த வீட்டின் முதல் பட்டதாரி ஆக்கி, இதே பட்டறையில் வேலையும் வாங்கித் தந்தார்.

பூட்டிய பிறகு ப்ளக்கின் முனை உள்ளே எந்தப் பக்கம் பார்க்கிறதென்று தெரியாது. அதனால் வெளியே நிற்கும் வெள்ளைப் பீங்கானில் முன்னாலேயே ஒரு குறி வைத்துக்கொள்வார்கள், ஆளுக்கொரு குறி. அப்பாவுக்குக் காதில் செருகிய பென்சில். சித்தப்பாவுக்குக் கல்யாணமான நாள் முதலாகச் சித்தியின் சிவப்பு நகப்பூச்சு. இன்று காலை நாலு ஒன்பதாம் நம்பருக்கு அவர் பொட்டு வைத்தபோது, பொண்ணு பார்க்க யார் வருகிறார்கள் என்று பட்டறையே கேலி செய்தது.

அந்த நாலையும் நாளைய பந்தயத்துக்காகப் பூட்ட வேண்டியது அவள். ஆனால் அவள் பையில் இருந்தது ஆறாம் நம்பர். அப்பாவைப் பொய்யனாக்கிய முதலாளிக்கு அதே நம்பரால் பதில். இஞ்சின் உருகிய பிறகு இந்த வாசலை மிதிக்க முடியாது. அதற்குள் அப்பாவின் மானத்தை அந்தக் கட்டையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட வேண்டும்.

“இஞ்சினியரம்மாவுக்கு இது எதுக்கு? வீட்ல மாட்டி மாலை போடவா?” என்றார் முதலாளி.

“நீங்க பதினோரு வருஷம் மாட்டி வெச்சீங்கல்ல. போதும்.”

முதலாளி சாவியை எடுத்தார். பிறகு அலமாரியைத் திறந்து கட்டையை மேஜைமேல் வைத்தார்.

“எடுத்துக்க. உங்கப்பன் தப்பை ஒத்துக்கிட்டிருந்தா நான் அனுப்பியே இருக்க மாட்டேன். அந்த மாதிரி கை இந்தப் பட்டறைக்கு அப்புறம் வரவேயில்ல.”

இப்போது சொல்லி என்ன பிரயோஜனம் என்று நினைத்துக்கொண்டு, குறடால் முதல் ப்ளக்கைத் திருகி இழுத்தாள். இத்தனை வருஷமாகக் கட்டைக்குள் ஒளிந்திருந்த பீங்கான், எண்ணெய்ப் பிசுக்கோடு வெளியே வந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்தாள். அப்பாவின் பென்சில் கோடாவது மிச்சமிருக்குமா என்ற ஆசை.

தேய்த்த விரல் நின்றது.

இரண்டாவதைப் பிடுங்கினாள். மூன்றாவது, நாலாவது. ஒவ்வொன்றையும் சட்டைக் கையால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துரோகம் செய்யும்போதுகூடக் கை தன் வழக்கத்தை விடுவதில்லை போலிருக்கிறது.

பையிலிருந்த நாலு புது ப்ளக்கையும் எடுத்து முதலாளியின் முன்னால் வரிசையாக வைத்தாள். இது தப்பான நம்பர், வண்டியில் ஏறக் கூடாது என்றாள். அப்படியானால் உன் பைக்கு எப்படி வந்தது என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கருகிய நாலையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

வெளியே டீ மணி அடித்தது. நீள மேஜையைச் சுற்றிப் பட்டறை மொத்தமும் உட்கார்ந்திருக்கும், தலைப்பக்கம் சித்தப்பா. இருக்கட்டும். எல்லாரும் இருக்கட்டும். அவள் கதவைத் திறந்தாள்.

“எங்க போற? அதான் நல்லாப் பாத்துட்டியே. உங்கப்பன் பூட்டினதுதானே?”

வாசலைத் தாண்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

“இல்ல முதலாளி. இதுல இருக்கறது எங்க சித்தியோட நகப்பூச்சு.”