அத்தைக்கு அனுப்பிய காற்று

எதிர்வீட்டு மருமகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிவீட்டு கம்ப்யூட்டர்காரரிடம் ஓடினாள். கதவு திறந்துதான் கிடந்தது. படிக்கட்டில் நின்றவர்கள் காதைக் கழற்றியா வைக்க முடியும்?

“அண்ணா, காத்து மேப் திரையில நல்லா தெரியுது. சேவ் பண்ணா மட்டும் ஃபைல் காலியா இருக்கு. இப்பவே அத்தைக்கு அனுப்பியாகணும்.”

“காத்து எந்தப் பக்கம்னு உங்க அத்தையை ஜன்னலைத் திறந்து பாக்கச் சொல்லும்மா.”

“விளையாடாதீங்கண்ணா, புயல் வருது!”

துணி காயப்போடவா இத்தனை அமர்க்களம் என்று படிக்கட்டில் சிரிப்பு.

அவர் தட்டிப் பார்த்தார். “உலகம் முழுக்க சேவ் பண்ணா தாங்காதும்மா. வேண்டிய இடத்தை மட்டும் கட்டம் போட்டுக் காட்டு.”

அவள் கட்டம் போட்டாள். உள்ளே நீலம் மட்டும்தான் இருந்தது.

“இது நடுக்கடலாச்சே!”

“அங்கதான் அத்தை இருக்காங்க. பாய்மரப் படகுல, தன்னந்தனியா.”

படிக்கட்டில் நின்றவர்கள் உள்ளே வந்து திரையை எட்டிப் பார்த்தார்கள். இந்த முறை ஃபைல் நிரம்பியது. மாடிவீட்டு அண்ணா சேவ் பண்ணிக் குடுத்தார் என்ற ஒரு வரியோடு சாட்டிலைட் வழியாக அத்தையின் படகுக்குப் பறந்தது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. அவள் எல்லாருக்கும் கேட்கப் படித்தாள்: “நேரா புயலுக்குள்ள போக இருந்தேன் கண்ணு. இப்ப சுத்திப் போறேன். சேவ் பண்ணிக் குடுத்த புண்ணியவான் நல்லா இருக்கணும்.”

கம்ப்யூட்டர்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

“அவங்க கரை சேர்ற வரைக்கும் தினமும் வாம்மா.”