நூற்று நாற்பது நாக்கு

கேன்டீன் சமையல் மாஸ்டரை வேலையை விட்டுத் தூக்கவேண்டும் என்று மனு எழுதி, முதல் கையெழுத்தும் போட்டவர் வெல்டர்தான்.

ஒரு வருஷமாகச் சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லையாம். உப்பில்லை, எண்ணெய் இல்லை, நாக்கு செத்துவிட்டது. மிச்சம் பிடித்த எண்ணெயை அந்த ஆள் வெளியே விற்கிறானோ என்னவோ என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்.

ஃபாக்டரியில் நூற்று நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மத்தியானம் விசாரணை. அடுத்த மாதம் சங்கத் தேர்தல், தலைவர் பதவிக்கு வெல்டர் நிற்கிறார். நேரம் பார்த்துத்தான் மனு கிளம்பியது என்று நாலு பேர் பேசினால், அவர்கள் வாய்க்கு நாம் பூட்டா போட முடியும்?

அன்று காலை முதலுதவி அறையில் வருடாந்திரப் பரிசோதனை. கடைசி ஆள் வெல்டர். நர்ஸம்மா அவர் கையில் பட்டையைச் சுற்றி, ரத்த அழுத்தத்தை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தார்.

"போன வருஷம் நூத்தி எழுபது இருந்துச்சு. இப்ப நூத்தி முப்பது. டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரையைக் குறைச்சிடலாம்ணே."

வெல்டருக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் நடக்கிறேனே, சும்மாவா என்றார். கேட்டிலிருந்து ஷெட்டுக்கு நடப்பதைத்தான் சொன்னார்.

நர்ஸம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். உங்களுக்கு மட்டுமில்லை, முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருக்கிறது என்றார். போன வருஷம் கிரேன் ஆபரேட்டர் சாப்பாட்டுத் தட்டோடு சரிந்தாரே, மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தாரே, நினைவிருக்கிறதா என்று கேட்டார். அந்த மாதிரி செலவுகளைக் காட்டித்தானே இன்ஷூரன்ஸுக்காக எல்லார் சம்பளத்திலும் பிடிப்பதை ஏற்றினார்கள்.

"அவர் விழுந்தது மாஸ்டர் காலடியில. மறுநாளே என்கிட்ட வந்து நின்னார். என் கையாலதானே இத்தனை பேரும் சாப்பிடுறாங்க, எவ்வளவு உப்பு போடலாம்னு கேட்டார். எழுதிக் குடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாப் பாதியாக்கிட்டார். எண்ணெயும் அப்படித்தான். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னார். தெரிஞ்சா வீட்டுலேருந்து உப்புப் பொட்டலம் கொண்டு வந்துடுவாங்களாம்."

வெல்டர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

இன்னும் ஒரு வருஷம் இப்படியே போனால் சம்பளத்தில் பிடிப்பதும் குறையும் என்றார் நர்ஸம்மா. பிறகு, போன வருஷ அளவையும் இந்த வருஷ அளவையும் எழுதிய தாளை மடித்து அவரிடம் கொடுத்தார்.

"நான் சொன்னா யாரும் காதுல போட்டுக்க மாட்டாங்க. நீங்க சொன்னா எடுபடும்ணே. அந்த மனுஷனைக் காப்பாத்துங்க."

வெல்டர் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விசாரணையில், எண்ணெயை விற்றாயா என்று மேனேஜர் கேட்டார். மாஸ்டர் ஸ்டோர் சாவியை மேஜைமேல் வைத்தார். போய்ப் பார்த்தார்கள். ஒரு டின் குறையவில்லை.

அப்புறம் ஏன் குறைத்தாய் என்று கேட்டதற்கு, எல்லார் நல்லதுக்கும்தான் சார் என்றார் மாஸ்டர். கூட்டம் கொல்லென்று சிரித்தது. எங்கள் நல்லது எங்களுக்குத் தெரியாதா என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மேனேஜருக்கே மனசு கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷம் சமைத்த ஆள், நீங்கள் சொன்னால் விட்டுவிடலாம் என்று வெல்டரைப் பார்த்தார். மாஸ்டரும் பார்த்தார்.

வெல்டர் எழுந்தார். எதிரே நூற்று நாற்பது முகம், அத்தனையும் ஓட்டு. கை சட்டைப் பைப் பக்கமே போகவில்லை.

"உழைக்கிறவன் ஒரு வேளை ருசியாச் சாப்பிடக் கூடாதா சார்? எங்களுக்கு வேற மாஸ்டர் வேணும்."

கைதட்டு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் மேனேஜர் நீட்டின வேலைநீக்கக் காகிதத்தில் மாஸ்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு, சமையலறைப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். நல்ல மனுஷன், அப்போதும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போதே எல்லாரும் தலைவரே, தலைவரே என்று கூப்பிட, வெல்டர் சாயங்காலம் மனசு குளிர்ந்துபோய் வீடு வந்து சேர்ந்தார். கை கால் கழுவிக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"நாளையிலேருந்து எனக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் குடு."

"ஏங்க, கேன்டீனுக்குத்தான் புது மாஸ்டர் வர்றாராமே?"

"அதனாலதான் சொல்றேன். உப்பு, எண்ணெய் ரெண்டையும் பாதியாப் போடு."