மருந்துத் தண்ணி

முதல் சொம்பு முதுகில் விழுந்ததும் சுபாஜினி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நல்ல சூடு. இன்னும் கொஞ்சம் ஏறினால் தோல் பொசுங்கிவிடும்.

அவள் மாமியார் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அடுத்த சொம்பை மொண்டு, குறி பார்த்து, இடுப்பில் அடித்து ஊற்றினாள்.

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் வரிசைக்குப் பின்னால் தகரமும் உரச்சாக்கும் வைத்து மறைத்த இடம் அது. மூன்று கல்லின்மேல் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. நொச்சி, ஆடாதோடை, தைல மரத்து இலை. விடிந்தும் விடியாமலும் மாமி மழையில் நனைந்துகொண்டே போய் ஒடித்து வந்தவை. பிள்ளை பெற்ற உடம்புக்கு ஊற்றுகிற மருந்துத் தண்ணி.

சுபாஜினி வேண்டாம் என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். மாமி காதில் வாங்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துவந்து பலகையில் உட்கார வைத்துவிட்டாள்.

மார்கழிக் குளிரில் ஆவி எழுந்து இருவரையும் மூடியது.

கோபத்தை விடக்கூடாது என்று அவள் உடம்பை இறுக்கிக்கொண்டு இருந்தாள். ஆனால் ஐந்தாறு சொம்புக்கெல்லாம் இடுப்பு விட்டுக்கொடுத்துவிட்டது. சூடு எலும்புக்குள் இறங்கியது. தோள் தளர்ந்தது. கால் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. தொண்டையிலிருந்து, அவளைக் கேட்காமலே, சுகமாக ஒரு முனகல் வந்தது.

சீ என்றிருந்தது அவளுக்கு. இந்த உடம்புக்கு வெட்கம் என்று ஒன்று இருக்கிறதா?

தகரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டு லீலாதேவி.

"ஏக்கா, பிள்ளையே தங்கல. இதுக்குப் போய் மருந்துத் தண்ணி வைக்கிறீங்களே?"

குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். தகரம் எதைத் தடுக்கும்?

மாமி காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சிகளை ஒரு கட்டாக அடுப்புக்குள் திணித்தாள். அது படபடவென்று எரிந்தது.

சுபாஜினிக்கு லீலாதேவிமேல் கோபம் வரவில்லை. அவள் கேட்டதில் என்ன தப்பு?

கோபப்பட வேறு ஆட்கள் இருந்தார்கள். வலி எடுத்த அன்று தோட்டத்தில் வேன் இல்லை. கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு, மழை அறுத்த பாதையில் தூக்கித் தூக்கிப் போட, அவள் கத்திக்கொண்டே போனாள். பதுளைக்குப் போகிற வழியில் லொறி ஃபெக்டரி வாசலில் நின்றது. கொழுந்து சூடேறிக் கெட்டுவிடுமாம். மூட்டைகளை இறக்கி எடை போட்டு முடிகிற வரைக்கும் லொறி அங்கேயே நின்றது. பிள்ளை வயிற்றுக்குள் காத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள், காத்திருக்க முடியாமல், அதன் துடிப்பு நின்றுவிட்டது.

புருஷன் சதீசன் பிள்ளையின் பெட்டியைப் புதைத்த மறுநாளே கொழும்புக்குப் போய்விட்டான். கடையில் லீவு இல்லையாம்.

மாமியோ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. விறகு பிளந்தாள். அண்டா தேய்த்தாள். தொட்டிலில் பிள்ளை கிடக்கிற மாதிரி எல்லாவற்றையும் முறைப்படி செய்தாள். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் சுபாஜினிக்கு எரிந்தது.

அடுத்த சொம்புத் தண்ணீர் தோளிலிருந்து முன்பக்கம் வழிந்தது.

கல்லாகக் கட்டியிருந்த மார்பு இளகியது. பால் வடிந்தது. வெள்ளையாக வயிற்றில் இறங்கி, இலைத் தண்ணீரோடு கலந்து, சாக்கடைக் கானுக்குள் ஓடியது.

அவள் அதைப் பார்த்தாள்.

கையை வீசிச் சொம்பைத் தட்டிவிட்டாள். அது தகரத்தில் போய் மோதி உருண்டது.

"யாருக்கு இந்தத் தண்ணி? சொல்லுங்க! பிள்ளையா இருக்கு, நான் ஒடம்பத் தேத்திப் பால் குடுக்க? செத்த பிள்ளையப் பெத்தவளுக்கு என்ன சொகம் வேண்டிக் கெடக்கு?"

மாமி எழுந்துபோய்ச் சொம்பை எடுத்தாள். ஒட்டியிருந்த மண்ணைக் கழுவினாள். திரும்பி வந்து அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"சதீசனுக்கு முன்னாடி எனக்கு ஒரு பொம்பளப் பிள்ள," என்றாள். "பொறந்துச்சு. மூச்சு விடல."

சுபாஜினி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதை யாரும் சொன்னதில்லை. சதீசனுக்கே தெரியுமோ என்னவோ.

"கையில பிள்ள இல்லாதவளுக்கு மருந்துத் தண்ணி எதுக்குன்னு கொதிச்ச அண்டாவ எறக்கி வச்சிட்டாங்க. பச்சத் தண்ணியில குளிச்சிட்டுக் கொழுந்தெடுக்கப் போனேன் புள்ள. இன்னும் எனக்கு இடுப்பு சரியா நிமிராது."

"யாரு?" சுபாஜினி வெடுக்கென்று திரும்பினாள். மாமனாரின் தாயாராகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். செத்துப்போன அந்தக் கிழவிமேல் அந்த நேரத்திலேயே கோபம் பொங்கியது. "யாரு எறக்குனது?"

மாமி அண்டாவிலிருந்து மொண்டாள். தன் முழங்கையில் கொஞ்சம் விட்டுச் சூடு பார்த்தாள்.

"எங்கம்மா."

சுபாஜினி மறுபடியும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அண்டாவில் இன்னும் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.

"ஊத்துங்க மாமி," என்றாள் சுபாஜினி. குரல் இன்னும் கோபமாகத்தான் இருந்தது. "எல்லாத்தையும் ஊத்துங்க."