முந்திக் கேட்டவர்

"நீங்க போய்ச் சொல்லலைன்னா நானே சொல்லிடுவேம்மா. மறைச்சு வச்சு நிக்காஹ் பண்ணிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு மகன் வேலைக்குக் கிளம்பிவிட்டான். தையற்காரிக்கு அதற்கப்புறம் மெஷினில் கால் ஓடவில்லை. சட்டைக் கையைத் திருப்பித் தைத்து, அதைப் பிரித்து, மறுபடியும் திருப்பியே தைத்தாள்.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு நிற்கும் மகனுக்கு இன்னும் சுன்னத் ஆகவில்லை.

அவனுக்கு ரத்தம் உறையாத உடம்பு. பால் பல் விழுந்ததற்கே தலையணை நனைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவன். தெரிந்தே இவன் மேல் கத்தி வைக்காதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொந்தபந்தம் கேட்டபோதெல்லாம், "ஆஸ்பத்திரியிலேயே முடிச்சாச்சு" என்று ஒரு பொய்யைச் சொல்லி வாயை அடைத்து வந்தாள்.

பெண் வீட்டில் நோயை மறைக்கவில்லை. பெண்ணே டாக்டரைப் போய்ப் பார்த்து, பிறக்கிற பிள்ளைகளைப் பற்றியும் கேட்டுக்கொண்டு வந்துதான் சரி என்றாள். ஆனால் அந்த நோய்க்கும் இதற்கும் ஒரு முடிச்சு இருக்கும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

புருஷனிடம் சொன்னாள். கட்டின பிறகு அது புருஷன் பெண்டாட்டி விவகாரம், ஊரைக் கூட்டியா சொல்வார்கள் என்றான். நீங்களாவது கூட வாங்க என்றாள்.

"நான் வந்தா அந்த மனுஷன் என்னைக் கடிச்சுத் துப்பிடுவார். பொம்பளைங்ககிட்டன்னா கொஞ்சம் பார்த்துப் பேசுவார். நீ போயிட்டு வா."

அவன் பயந்ததிலும் நியாயம் இருந்தது. பெண்ணைப் பெற்ற அத்தா இரும்புக்கடைக்காரர், பள்ளிவாசல் கமிட்டியில் முதல் குரல். புதிதாக இஸ்லாத்துக்கு வந்த லாரி டிரைவர் ஒருவரை, பள்ளிவாசலில் அத்தனை பேர் முன்னால், "சுன்னத் ஆச்சா?" என்று கேட்டு முகத்தைச் சுருங்க வைத்தவர்.

அதனால் முதலில் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத் வீட்டுக்குப் போனாள். நாக்கு குழறக் குழறக் கேட்டாள். கத்தி படாதவன் முஸ்லிம் இல்லையா, அவன் தொழுகை கூடாதா, நிக்காஹ் கூடாதா?

ஹஜ்ரத் நிதானமாகச் சொன்னார். குர்ஆனில் இதை நேராகச் சொல்லி வசனம் இல்லை, நபிவழியில் வந்தது. அதைக் கடமை என்று சொன்ன இமாம்களும் உண்டு, கடமை இல்லை, வலியுறுத்தப்பட்ட நபிவழி மட்டும்தான் என்றவர்களும் உண்டு. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் செய்தே ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கலிமாவை நம்பிச் சொன்னவன் முஸ்லிம்தான். நிக்காஹ் தாராளமாகக் கூடும்.

அவளுக்குப் பாதி உயிர் வந்தது.

"இதை இரும்புக்கடைக்காரர் ஒத்துக்குவாரா ஹஜ்ரத்?"

"மார்க்கத்தை நான் சொல்லிட்டேன். இரும்புக்கடைக்காரருக்கு நான் பொறுப்பில்லைம்மா."

வந்த பாதி உயிரும் இரும்புக்கடைக்காரர் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டது.

நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடியே, இரும்புக்கடைக்காரரிடம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர் சொன்னது, தான் சொன்ன பொய், ஹஜ்ரத் சொன்னது. பொய் தன்னுடையது, பிள்ளை மேல் பழி இல்லை என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"இனிமே என் பிள்ளை உங்களுக்கு மருமகனா வரலாமா, வேணாமான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் எழுந்து போயிடறேன்."

அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியே தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அதையும் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சத்தம் போடப் போகிறார், வெளியே கேட்கக் கூடாதென்று பார்க்கிறார். இப்படி நினைத்துக்கொண்டு தையற்காரி முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தாள். பெண் கேட்டு வந்த அன்று மகன் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்ற முகம் நினைவில் வந்தது.

டீயோடு வந்த அவர் மனைவி தட்டைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"ஏங்க, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் தொண்டையைச் செருமினார். கடையில் ஆட்களை விரட்டுகிற குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

"ஒரு பையன் இருந்தான்மா. அவன் கைக்குழந்தையா இருக்கறப்பவே அத்தா மௌத்தாயிட்டார். கொஞ்ச நாள் பெரியத்தா வீடு, கொஞ்ச நாள் சின்னத்தா வீடுன்னு வளர்ந்தான். சின்னவர் செஞ்சிருப்பார்னு பெரியவர் நினைச்சார். பெரியவர் முடிச்சிருப்பார்னு சின்னவர் நினைச்சார். ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசினப்ப பையனுக்கு மீசை வந்திருச்சு. கத்தியைக் கண்டா அவன் ஊரை விட்டே ஓடினான். அப்படியே விட்டுட்டாங்க."

தையற்காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"பாவம். யாருங்க அந்தப் பையன்?"

"இதோ உங்க முன்னாடி உட்கார்ந்திருக்காரே, இவர்தான்" என்றாள் மனைவி. "மாப்பிள்ளையாவது கல்யாணத்துக்கு முன்னாடி சொல்றாரு. எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை."

தையற்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகைதான் வருமென்று நினைத்தாள், சிரிப்பும் சேர்ந்து வந்தது. சம்பந்தியம்மா தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். டீ ஆறுகிறது, குடித்துவிட்டு நாள் குறிக்கிற வேலையைப் பார்ப்போம் என்றாள்.

ஒரு வாய் குடித்த பிறகுதான் தையற்காரிக்கு அது உறைத்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"அப்புறம் ஏன் சம்பந்தி, வர்றவங்க போறவங்களை எல்லாம் நிறுத்தி ஆச்சா ஆச்சான்னு கேட்டீங்க?"

இரும்புக்கடைக்காரர் சாத்தின கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கறவனை யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்கம்மா. அந்தத் தைரியம்தான்."