பிற்பகல் கோடு

நாற்பத்தோரு கட்டங்களில் பெருக்கல் குறி. ஒன்றில் மட்டும் ஒற்றைச் சாய்கோடு.

அவள் பேனாவைத் திறந்து பத்து நிமிடம் ஆகிவிட்டது.

காலையில் ஒரு கோடு. மதியம் அதன் மேல் குறுக்காக இன்னொன்று. வருகைப் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் ஒரு நாள் அவ்வளவுதான். மதியக் கோடுகளை அவள் கடைசிப் பாடவேளையில் மொத்தமாகப் போடுவாள். பத்து வருடப் பழக்கம்.

நேற்றுக் கடைசிப் பாடவேளையில் அவள் ஆம்புலன்ஸில் இருந்தாள்.

இன்று காலை வந்ததும் நேற்றைய கோடுகளைப் போடத் தொடங்கினாள். பதினான்காவது பெயரில் கை நின்றது. தாண்டிப் போய் மற்றவற்றை முடித்துவிட்டுத் திரும்ப அங்கேயே வந்தது.

இலக்கியா. ஏழாம் வகுப்பு.

நேற்று ஒன்றரை மணிக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. மாணவர் விபத்துக் காப்பீட்டுப் பட்டியல் வேண்டும். ஜூனிலேயே அனுப்பியதுதான். அங்கே காணவில்லையாம். இரண்டு நகல், மூன்று மணிக்குள்.

ஜெராக்ஸ் கடை நான்குவழிச் சாலைக்கு அந்தப் பக்கம்.

வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவளைத்தான் அவள் கூப்பிட்டாள்.

லாரி.

இடது கால் போய்விட்டது, முழங்காலுக்குக் கீழே.

எதிரில் தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்தார். மே மாதம் ஓய்வு பெறுகிறவர். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு நேராக இங்கே வந்திருந்தார்.

"ஒரு கோடு டீச்சர். போடாம விட்டுடுங்க. மத்தியானம் புள்ள லீவு."

அவள் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க சஸ்பெண்ட் ஆனா ஏழாவதுக்குக் கணக்கு நான்தான் எடுக்கணும். பசங்க என்னைக் கேட்டுக்கு வெளிய விட்டுப் பூட்டிடும்."

அவரே சிரிக்கவில்லை. தொலைபேசி அடித்ததும் எழுந்து போனார்.

மதியம் பிள்ளை பள்ளியில் இருந்தாள் என்றால் காப்பீடு உண்டு. இருந்தவளை வெளியே அனுப்பியது யார் என்ற கேள்வியும் உண்டு. இல்லை என்றால் இரண்டும் இல்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம்.

இலக்கியாவின் அம்மா. அஞ்சலாட்சி. முந்திரி உடைக்கும் கம்பெனியில் வேலை. நேற்று உடுத்திய அதே புடவை.

"ஆஸ்பத்திரியில தங்கச்சிய உக்கார வச்சிட்டு வந்தேன் டீச்சர். இதை உங்க கையில குடுக்கச் சொன்னாரு பெரிய சாரு."

மடித்த தாள். எழுத்து தலைமையாசிரியருடையது. மதியம் தானே வந்து மகளை வீட்டுக்கு அழைத்துப் போனதாக ஒரு தாய் எழுதிக் கொடுக்கும் கடிதம்.

கீழே கைநாட்டு. ரேகை இல்லாத நீலப் பொட்டு. பக்கத்தில் இன்னொன்று.

"ரெண்டு தபா வச்சேன். முந்திரிப் பாலு தின்ன விரலு, கோடே விழ மாட்டேங்குது. செல்லுமா?"

"இதுல என்ன இருக்குன்னு தெரியுமாக்கா?"

"படிச்சுக் காட்டினாரு. அவ பாட்டுக்குக் கேட்டைத் தாண்டி ஓடினதுக்கு உங்க வேலை போவுங்கிறாரு. அவளையும் கேட்டேன். நாந்தாம்மா போனேன்னா."

அவள் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பதின்மூன்று வயது. மயக்கம் தெளிந்ததும் சொன்ன முதல் பொய்.

"இன்சூரன்ஸ் பத்தி சாரு ஏதாவது சொன்னாரா?"

"அது என்னா டீச்சர்?"

அஞ்சலாட்சி மேசையைச் சுற்றி வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தோல் உரிந்த சொரசொரப்பான கை.

"நீங்க போயிடக் கூடாது. இனிமே அவ ஓடியாடி வேலை செய்ய முடியாது. படிச்சாத்தான் உண்டு. உங்ககிட்டன்னாதான் அவ படிப்பா."

வெளியே காலை வணக்கத்துக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள்.

அவள் கோட்டைப் போட்டாள். சற்று அழுத்திவிட்டதில் தாள் கிழிந்தது.

பிறகு விபத்து அறிக்கைப் படிவத்தை இழுத்து நிரப்பினாள். மாணவியை வெளியே செல்ல அனுமதித்தவர் என்ற இடத்தில் தன் முழுப் பெயரையும் எழுதினாள். காரணம் என்ற இடத்தில் மூன்று வரி.

அஞ்சலாட்சி அதை எட்டிப் பார்த்தாள். எழுத்துகளைப் பார்க்கும் பார்வை அல்ல அது, கோலத்தைப் பார்ப்பதுபோல.

"நான் இதுலயும் நாட்டு வைக்கணுமா?"

"வேணாம்க்கா. இதை உங்க கையில குடுத்துடுறேன். அந்தத் தாளு செல்லாது."

"ஐயோ, விரலு சரியா விழாததாலயா?"

"இல்ல. படிக்கிறேன், கேளுங்க."

அஞ்சலாட்சி குனிந்து காதைக் கொடுத்தாள்.

அவள் அந்த மூன்று வரியையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

இரண்டாவது வரி வரைக்கும் அந்தக் கை அவள் முழங்கையில் இருந்தது.